ஒரு டீ-ஷர்ட்டுக்கு எத்தனை சதவீதம்? சுங்க வரி, வர்த்தக ஒப்பந்தம்: புதிய ஏற்றுமதியாளருக்கான வழிகாட்டி

2025 ஆகஸ்ட் கடைசியில் "இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி" என்று எல்லாச் செய்திகளிலும் வந்தது. அந்த வாரம் திருப்பூரிலிருந்து போன காட்டன் டீ-ஷர்ட்டுக்கு உண்மையில் விழுந்தது 66.5 சதவீதம். அதே ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது "ஆடைகளுக்கு இனி வரி இல்லை" என்று எழுதினார்கள். மறுநாள் லண்டனில் இறங்கிய சரக்குக்கு வரி கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. செய்தியில் வரும் எண்ணை வைத்து விலை சொல்லக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

உங்கள் பொருளுக்கான வரியை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: பொருளின் குறியீடு, அது எந்த நாட்டுப் பொருள் என்பது, சுங்கத்துறை ஏற்கும் மதிப்பு, சரக்கு உள்ளே நுழையும் தேதி. இந்த நான்கையும் நீங்களே கணக்குப் போடத் தெரிந்துகொண்டால் புதிய வரி வந்தாலும் புதிய ஒப்பந்தம் வந்தாலும் ஒரு மணி நேரத்தில் உங்கள் நிலையைச் சொல்லிவிடலாம். இங்கே உதாரணத்துக்குத் திருப்பூர் டீ-ஷர்ட்டை எடுத்துக்கொள்கிறோம். பம்பு, மசாலா, தோல் செருப்பு எதுவானாலும் வழிமுறை இதுதான்.

படி 1: வரியை யார் கட்டுகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்குங்கள்

இறக்குமதி வரியைக் கட்டுவது ஏற்றுமதி செய்யும் நாடு அல்ல. சரக்கை யார் பெயரில் அங்கே சுங்கத்தில் பதிவு செய்கிறார்களோ அந்த இறக்குமதியாளர்தான் கட்டுகிறார். எஃப்ஓபி விலையில் விற்றால் தூத்துக்குடியில் கப்பல் ஏறியதோடு உங்கள் பொறுப்பு முடிகிறது, வரி, வாங்குபவரான பையருடையது. ஆனால் டிடிபி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பையரின் வாசல் வரைக்குமான எல்லா வரியும் உங்கள் தலையில். முதல் ஆர்டர் கிடைக்கும் ஆசையில் டிடிபிக்குச் சம்மதிப்பவர்கள் உண்டு. 5 சதவீத வரி உள்ள நாட்டுக்கு அது சமாளிக்கக்கூடியது. வரி ஒரே மாதத்தில் மாறக்கூடிய சந்தைக்கு, கையில் வேறு பலம் இல்லாத புதியவர் டிடிபி பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

ஆன்லைனில் சில்லறையாக அனுப்புபவர்களுக்கும் இது பொருந்தும். 800 டாலர் வரைக்குமான பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்து வந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் நின்றுபோனது. வரியை யார் வசூலித்து யாரிடம் கட்டுவது என்ற ஏற்பாடு தெளிவாகாததால் இந்தியத் தபால் துறை அமெரிக்காவுக்கான சேவையையே சில வாரங்கள் நிறுத்தி வைத்து, அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது.

படி 2: குறியீட்டைச் சரியாகப் பிடியுங்கள்

உலக சுங்க அமைப்பின் எச்எஸ் குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு நீட்டிக்கொள்ளும்: இந்தியாவில் எட்டு, அமெரிக்காவில் பத்து. உங்கள் இன்வாய்ஸில் இந்திய எட்டு இலக்கம் இருக்கும். வரி விதிப்பது அந்த நாட்டின் நீண்ட குறியீட்டை வைத்து. ஆகவே பையரின் கஸ்டம்ஸ் புரோக்கர் பயன்படுத்தும் குறியீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் ஆறு இலக்கம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கு கிளம்புவதற்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள்.

பின்னலாடையில் தவறு எங்கே நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். காலர் இல்லாத காட்டன் டீ-ஷர்ட் 6109.10. அதே துணியில் காலரும் முன்னால் பாதிப் பட்டியும் வைத்து போலோ ஆக்கினால் அது சட்டை வகைக்குப் போய்விடும்: ஆண்களுக்கு 6105, பெண்களுக்கு 6106. ஹூடி, ஸ்வெட்ஷர்ட் 6110. 86 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத குழந்தைக்கான உடை என்றால், டீ-ஷர்ட்டாகவே இருந்தாலும் 6111. அமெரிக்காவின் அடிப்படை வரி காட்டன் டீ-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம், ஆண்கள் காட்டன் போலோவுக்கு 19.7. ஒரு காலருக்கு 3.2 சதவீதம்.

அதைவிடப் பெரிய பள்ளம் நூல் கலவையில் இருக்கிறது. துணியில் எந்த இழை எடையில் அதிகமோ அந்த இழையின் பொருளாகத்தான் குறியீடு எடுக்க வேண்டும். 60 காட்டன், 40 பாலியஸ்டர் என்றால் காட்டன். சரியாக 50-50 என்றால்? எச்எஸ் விதியின்படி, இரண்டும் சமமாக இருந்தால் குறியீட்டு வரிசையில் கடைசியாக வரும் இழைக்குப் போக வேண்டும். காட்டன் 52-ஆம் அத்தியாயம். செயற்கை இழை 54, 55. ஆகவே 50-50 துணி செயற்கை இழைக் கணக்கில் 6109.90-க்குப் போகிறது. அங்கே அமெரிக்காவின் அடிப்படை வரி 32 சதவீதம். துணியைக் காட்டன் 52, பாலியஸ்டர் 48 என்று பின்னியிருந்தால் 16.5-இல் முடிந்திருக்கும். இரண்டு சதவீதப் பஞ்சுக்காக வரி ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது. இதை டிசைன் கட்டத்திலேயே பையரிடம் சொல்லும் சப்ளையரை எந்தப் பையரும் விட மாட்டார்.

ஒரே ஸ்டைலில் பல கலர் போகும்போது இன்னொரு சிக்கல் வரும். வெள்ளையும் கறுப்பும் நூறு சதவீதம் காட்டனாக இருக்கும்; அந்த்ரா மெலஞ்ச் எனும் கருஞ்சாம்பல் கலப்புக் கலரில் பாலியஸ்டர் பாதிக்கு மேல் இருக்கலாம். அப்படியானால் அந்த ஒரு கலருக்குத் தனிக் குறியீடு, தனி வரி விகிதம். பேக்கிங் லிஸ்டில் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் அடித்து அனுப்பினால் அங்கே லேப் டெஸ்டில் மாட்டும்.

சந்தேகம் தீராத பொருளுக்கு அதிகாரபூர்வத் தீர்ப்பு வாங்க வழி இருக்கிறது. அமெரிக்க சுங்கத்துறை முன்கூட்டியே கட்டுப்படுத்தும் தீர்ப்பு கொடுக்கும். பழைய தீர்ப்புகளை எல்லாம் 'கிராஸ்' என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகத் தேடிப் படிக்கலாம். உங்கள் பொருளைப் போன்ற ஒன்றுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே தீர்ப்பு இருக்கும்.

படி 3: வரியை அடுக்கடுக்காகக் கூட்டுங்கள்

எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு நாடு வைத்திருக்கும் வரியைச் சுங்க வட்டாரத்தில் எம்எஃப்என் வரி என்கிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் உறுப்பினர்களிடையே பாகுபாடு கூடாது என்ற விதியிலிருந்து வந்தது அது. ஒப்பந்தம் இருந்தால் இந்த வரி குறையும். தண்டனை வரி, பொருள்குவிப்புத் தடுப்பு வரி, பதில் வரி போன்றவை அதன் மேல் ஏறும். அமெரிக்க வரிப் பட்டியலில் இந்த மேல் வரிகள் 99-ஆம் அத்தியாயத்தில் தனியாக இருக்கின்றன. 61-ஆம் அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு 16.5 என்று முடிவு கட்டுபவர்கள் தவறுவது இங்கேதான்.

2025 ஆகஸ்ட் கடைசியின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 10,000 டீ-ஷர்ட், ஒன்று எஃப்ஓபி 3 டாலர், மொத்தம் 30,000 டாலர். அடிப்படை வரி 16.5 சதவீதம்: 4,950 டாலர். ஆகஸ்ட் 7 முதல் இந்தியாவுக்கான பதில் வரி 25 சதவீதம்: 7,500. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25: மறுபடி 7,500. மொத்த வரி 19,950 டாலர். இதோடு சுங்கக் கட்டணம் 0.3464 சதவீதமும், கடல் வழி என்றால் துறைமுகப் பராமரிப்புக் கட்டணம் 0.125 சதவீதமும் சேரும்; அவை சுமார் 141 டாலர்.

அதே நாளில் வங்கதேசத்துக்கும் இலங்கைக்கும் வியட்நாமுக்கும் பதில் வரி 20 சதவீதம். அந்த நாடுகளிலிருந்து வந்த அதே 30,000 டாலர் சரக்குக்கு வரி 36.5 சதவீதம், அதாவது 10,950 டாலர். பையருக்கு டாக்கா சட்டை வரியோடு 4.10 டாலருக்குக் கிடைக்கிறது. திருப்பூர் சட்டை 5 டாலரைத் தொடுகிறது. இந்த இடைவெளியை விலைக் குறைப்பால் மூட வேண்டும் என்றால் 3 டாலர் சட்டையை 2.46-க்குக் கொடுக்க வேண்டும். பதினெட்டு சதவீதத் தள்ளுபடி கொடுக்கும் அளவுக்குப் பின்னலாடையில் லாபம் கிடையாது. அதனால்தான் பல பையர்கள் அந்த மாதங்களில் ஆர்டரை நிறுத்தினார்கள், தள்ளுபடி கேட்டார்கள், அல்லது வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். போட்டியைத் தீர்மானிப்பது உங்கள் வரி எவ்வளவு என்பதை விட, பக்கத்து நாட்டின் வரியோடு உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதுதான். எப்போது கணக்குப் போட்டாலும் போட்டி நாடுகளுக்கும் சேர்த்தே போடுங்கள்.

மேலே உள்ளவை அந்த மாதத்து விகிதங்கள். நீங்கள் அனுப்பும் நாளின் விகிதத்தை அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தின் வரிப் பட்டியலில் அன்றே பாருங்கள். ஐரோப்பாவுக்கு 'ஆக்செஸ்டுமார்க்கெட்ஸ்', பல நாடுகளை ஒரே இடத்தில் ஒப்பிட ஜெனீவாவிலுள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் 'மார்க்கெட் ஆக்செஸ் மேப்'. பட்டியலைப் பார்த்த தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விலைக் கணக்குப் போட்ட காஸ்டிங் ஷீட்டோடு வையுங்கள்.

மதிப்பிலும் கவனம் தேவை. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எஃப்ஓபி மதிப்பின் மேல் வரி போடுகின்றன. கப்பல் வாடகையும் காப்பீடும் அதில் சேராது. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், இந்தியா ஆகியவை, வாடகையும் காப்பீடும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பின் மேல் போடுகின்றன. கப்பல் வாடகை ஏறும் காலத்தில் இந்த நாடுகளில் வரித் தொகையும் சேர்ந்து ஏறும்.

தேதி கடைசி. பொதுவாக சரக்கு உள்நாட்டுப் புழக்கத்துக்குப் பதிவாகும் நாளின் விகிதம்தான் பொருந்தும். புதிய வரி அறிவிக்கும்போது வழியில் இருக்கும் சரக்குக்குச் சலுகை இருக்கிறதா என்று உத்தரவின் வாசகத்தைப் படியுங்கள். ஆகஸ்ட் 27 வரி உயர்வில், அந்த நாளுக்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்காவில் பதிவான சரக்குக்குக் கூடுதல் 25 சதவீதம் கிடையாது. ஒரு நாள் முன்னால் ஏற்றியவருக்கும் பின்னால் ஏற்றியவருக்கும் 30,000 டாலர் சரக்கில் 7,500 டாலர் வித்தியாசம்.

படி 4: ஒப்பந்தம் அமலில் இருக்கிறதா, உங்களுக்குப் பயன்படுமா

பேச்சு முடிந்தது, கையெழுத்தானது, அமலுக்கு வந்தது: இவை மூன்று தனித்தனி நாள்கள். கடைசி நாள் வரும் வரைக்கும் ஒரு ரூபாய் வரி குறையாது. அமீரகத்துடனான செபா எனும் வர்த்தக ஒப்பந்தம் 2022 பிப்ரவரி 18-இல் கையெழுத்தாகி மே 1-இல் அமலானது. ஆஸ்திரேலியாவுடன் அதே ஆண்டு ஏப்ரல் 2-இல் கையெழுத்து, டிசம்பர் 29-இல் அமல். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் அடங்கிய எஃப்டா கூட்டமைப்புடன் 2024 மார்ச் 10-இல் கையெழுத்து. அமலுக்கு வர 2025 அக்டோபர் 1 ஆனது. இரண்டரை மாதமும் ஆகலாம், ஒன்றரை வருஷமும் ஆகலாம்.

அடுத்து, அந்த ஒப்பந்தத்தின் வரி அட்டவணையில் உங்கள் குறியீட்டைத் தேடுங்கள். சில பொருள்களுக்கு முதல் நாளே பூஜ்யம், சிலவற்றுக்கு ஐந்து, பத்து ஆண்டுகளில் தவணையாகக் குறையும், சிலவற்றுக்கு எப்போதும் சலுகையே கிடையாது. ஒப்பந்தம் இருக்கிறது என்பதாலேயே உங்கள் பொருள் அதில் இருப்பதாக அர்த்தமில்லை.

பிறகு கூட்டல் கழித்தல். அமீரகத்தில் ஆடைக்குப் பொது வரி 5 சதவீதம், செபாவில் பூஜ்யம். எஃப்ஓபி 3 டாலர், வாடகையும் காப்பீடும் 12 சென்ட் என்றால் சிஐஎஃப் 3.12. ஒரு சட்டைக்கு 15.6 சென்ட், 10,000 சட்டைக்கு 1,560 டாலர் மிச்சம். சான்றிதழ் வாங்கும் வேலைக்கு இது தாராளமாகத் தகும். பொது வரியே பூஜ்யமாக இருக்கும் பொருளுக்குச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்து ஒரு பயனும் இல்லை. பையர் கேட்கிறார் என்பதற்காகப் பலர் செய்கிறார்கள்.

படி 5: உங்கள் பொருள் 'இந்தியப் பொருள்' தானா?

ஒப்பந்தங்களின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, புதியவர்கள் அதிகம் அடிபடுவதும் இங்கேதான். இந்தியாவில் தைத்ததாலேயே ஒரு சட்டை ஒப்பந்தக் கணக்கில் இந்தியச் சட்டை ஆகிவிடாது. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தோற்ற விதி என்று ஓர் இணைப்பு இருக்கும். அதில் உங்கள் குறியீட்டுக்கு எதிரே எழுதியிருக்கும் நிபந்தனையை நிறைவேற்றினால்தான் சலுகை.

நிபந்தனை பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, குறியீடு மாற வேண்டும்: இறக்குமதி செய்த மூலப்பொருள் ஒரு தலைப்பில் இருந்து, முடிந்த பொருள் வேறு தலைப்பில் இருக்க வேண்டும். இரண்டு, உள்நாட்டு மதிப்பு இவ்வளவு சதவீதம் இருக்க வேண்டும். மூன்று, குறிப்பிட்ட வேலைகள் இங்கேயே நடந்திருக்க வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதி 35 சதவீத மதிப்பையும் ஆறு இலக்கக் குறியீட்டு மாற்றத்தையும் சேர்த்துக் கேட்கிறது. 2000 மார்ச் 1 முதல் அமலில் உள்ள இந்திய-இலங்கை ஒப்பந்தம் 35 சதவீதத்தையும் நான்கு இலக்க மாற்றத்தையும் கேட்கிறது.

மதிப்புக் கணக்கு எளிது. எஃப்ஓபி விலையிலிருந்து வெளிநாட்டு மூலப்பொருளின் மதிப்பைக் கழித்து, மீதியை எஃப்ஓபியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். எஃப்ஓபி 8 டாலர் ஹூடி. சீனத் துணி 4.90, ஜிப் 0.45, கயிறும் லேபிளும் 0.15, வெளிநாட்டுப் பங்கு 5.50. மீதி 2.50, அதாவது 31.25 சதவீதம். 35 கேட்கும் ஒப்பந்தத்தில் இது தோற்றது. ஜிப்பையும் கயிறையும் லேபிளையும் உள்நாட்டில் வாங்கினால் வெளிநாட்டுப் பங்கு 4.90 ஆகக் குறைந்து விகிதம் 38.75 ஆகிறது, பாஸ். துணியை மாற்றாமலேயே.

ஆனால் மதிப்பு மட்டும் போதாத இடம் உண்டு. 3 டாலர் டீ-ஷர்ட்டில் சீனத் துணி 1.10, மற்றவை 0.05 என்றால் உள்நாட்டு மதிப்பு 61.7 சதவீதம். நல்ல எண்தான். ஆனாலும் "துணி பின்னுவதும் இங்கேயே நடக்க வேண்டும்" என்று விதி சொன்னால், இந்தச் சட்டைக்குச் சலுகை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சலுகைத் திட்டங்களில் இது நாட்டுக்கு நாடு மாறுவதைப் பாருங்கள். குறைந்த வளர்ச்சி நாடு என்ற முறையில் வங்கதேசம் எங்கிருந்து துணி வாங்கித் தைத்தாலும் பூஜ்ய வரி. வளரும் நாடுகளுக்கான ஜிஎஸ்பி பிளஸ் சலுகை 2017-இல் மறுபடி கிடைத்த இலங்கைக்கோ துணி, தையல் என இரண்டு கட்டம் வேண்டும். இறக்குமதித் துணியை நம்பியிருக்கும் கொழும்புத் தொழிற்சாலைகளுக்கு, சலுகை காகிதத்தில் இருந்தும் ஒரு பகுதி ஆடைகளுக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். வட அமெரிக்க ஒப்பந்தத்திலும் பசிபிக் நாடுகளின் சிபிடிபிபி ஒப்பந்தத்திலும் இன்னும் ஒரு படி பின்னால் போய் நூலிலிருந்தே கேட்கிறார்கள்.

திருப்பூரின் பலம் இங்கே தெரியும். நூல், நிட்டிங், டையிங், தையல் எல்லாம் நூறு இருநூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பதால் காட்டன் ஆடைக்கு எந்தக் கடுமையான விதியும் பெரும்பாலும் கட்டுப்படும். வெளிநாட்டுச் செயற்கை இழைத் துணியில் விளையாட்டு உடை தைப்பவர்களுக்குத்தான் ஒவ்வொரு ஸ்டைலும் தனிப் பரீட்சை.

மற்றொன்றையும் மனதில் வையுங்கள். வேறு நாட்டுச் சரக்குக்கு லேபிளை மாற்றியோ வெறுமனே மடித்துப் பேக் செய்தோ தோற்றம் மாறாது. வரியைத் தப்பிக்க மூன்றாவது நாடு வழியாகத் திருப்பிவிட்ட சரக்குக்கு 40 சதவீதம் என்று 2025 ஜூலை 31 அன்றைய அமெரிக்க உத்தரவு தனியாகவே வைத்தது.

படி 6: தோற்றச் சான்றிதழ் வாங்குவது

ஐஇசி எனும் உங்கள் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும். மாற்றம் ஒன்றும் இல்லையென்றாலும் உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் முடங்கிவிடும்.

பிறகு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் மின்னணு சிஓஓ (தோற்றச் சான்றிதழ்) தளத்தில் பதிவு செய்து, டிஜிட்டல் கையெழுத்தையோ ஆதார் வழிக் கையெழுத்தையோ இணையுங்கள். ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுங்கள். சான்று வழங்கும் அமைப்பாக இயக்குநரகத்தின் வட்டார அலுவலகம், ஏற்றுமதி ஆய்வு முகமை, ஜவுளிக் குழு போன்றவற்றில் அந்த ஒப்பந்தத்துக்கு அனுமதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஓஓவும் சலுகை சிஓஓவும் வேறு வேறு. வர்த்தக சபையில் வாங்கிய சாதாரண சான்றிதழைக் காட்டி வரிச் சலுகை கேட்க முடியாது.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், மூலப்பொருள் பில்கள், ஸ்டைல் வாரியான விலைப் பிரிப்பு ஆகியவற்றை ஏற்றுங்கள். எந்த விதியின்படி தகுதி பெறுகிறது என்ற கட்டத்தில், ஒப்பந்தம் கொடுத்திருக்கும் குறியைத்தான் போட வேண்டும். 'முழுவதும் இங்கே விளைந்தது' என்பதற்கான குறியை டீ-ஷர்ட்டுக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது விளைபொருளுக்கும் கனிமத்துக்கும் உரியது.

பாக்கி எல்லாம் எழுத்துப் பொருத்தம். இன்வாய்ஸ் எண், தேதி, பையரின் முழுப் பெயர், கார்ட்டன் எண்ணிக்கை, எடை, ஆறு இலக்கக் குறியீடு ஆகியவை ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்), பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), சிஓஓ மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் நாலு கார்ட்டன் குறைவாக ஏறி, இன்வாய்ஸைத் திருத்திவிட்டு சிஓஓவைத் திருத்த மறப்பதுதான் சலுகை மறுக்கப்படும் வழக்கமான கதை. சரக்கு ஒரு நாட்டுக்கும் பில் வேறு நாட்டு பையிங் ஆபீஸுக்கும் போனால், மூன்றாம் தரப்பு இன்வாய்ஸ் என்ற கட்டத்தில் டிக் செய்து அந்தக் கம்பெனியின் பெயரை எழுதுங்கள்.

சான்றிதழ் கப்பலுக்கு முன் பையர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் முழு வரி கட்டி எடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க சில நாடுகளில் வழி உண்டு. ஆனால் பணம் மாதக்கணக்கில் முடங்கும். எஃப்டா போன்ற புதிய ஒப்பந்தங்களில் ஏற்றுமதியாளரே இன்வாய்ஸில் தோற்ற அறிவிப்பு எழுதலாம். வேலை குறைவு, பொறுப்பு அதிகம்: தப்பாக எழுதினால் கேள்வி உங்களுக்கு மட்டும்தான்.

படி 7: சரக்கு போகும் வழி

பெரும்பாலான ஒப்பந்தங்கள் நேரடி அனுப்புதலைக் கேட்கின்றன. தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் எனும் சிறு கப்பலில் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுவது இதை மீறியதாகாது; ஆனால் சரக்கு அங்கே சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்து, ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு எதுவும் நடக்காமல் இருக்க வேண்டும். தொடக்கத் துறைமுகத்திலிருந்து கடைசித் துறைமுகம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங் இருந்தால் போதுமான ஆதாரம். இடையில் கிடங்கில் போட்டு, பிரித்து, பாதியை வேறு நாட்டுக்கு அனுப்பினால் சலுகை போய்விட வாய்ப்பு அதிகம்.

படி 8: விலையிலும் ஆர்டரிலும் எழுத வேண்டியது

ஆர்டர் எடுப்பதற்கும் கப்பலேற்றுவதற்கும் இடையே மூன்று நான்கு மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் வரி மாறலாம். ஆகவே ஆர்டரில் இரண்டு வாக்கியம் சேருங்கள்: "இந்த விலை, ஆர்டர் தேதியில் அமலிலுள்ள இறக்குமதி வரியின் அடிப்படையில் சொல்லப்பட்டது. சரக்கு கப்பலேறுவதற்கு முன் வரி உயர்ந்தால் அந்த உயர்வு வாங்குபவருடையது; வேறு ஏற்பாடு இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும்." பெரிய பையர் இதை அப்படியே ஏற்க மாட்டார். அப்போது உயர்வைப் பாதிப் பாதி பகிர்வது, உங்கள் பங்குக்கு உச்சவரம்பு வைப்பது, துணி வெட்டிய பிறகு ரத்து செய்தால் மூலப்பொருள் செலவு வாங்குவது என்று இறங்கிப் பேசுங்கள். வாய்மொழிச் சம்மதம் செல்லாது; மெயிலில் இருக்க வேண்டும்.

வரி குறையும்போதும் இதே பேச்சு வரும். ஒப்பந்தத்தால் மிச்சமாகும் பணம் முதலில் பையரின் கைக்குத்தான் போகிறது, ஏனென்றால் வரி கட்டுபவர் அவர். 12 சதவீதம் பூஜ்யமானால் அதில் உங்களுக்கு ஒரு பங்கு கேட்பது நியாயம். விலையாகக் கிடைக்காவிட்டால் பெரிய ஆர்டராகவோ சீக்கிரம் வரும் பேமெண்டாகவோ கேளுங்கள். நேரம் முக்கியம்: அமலாகும் தேதி அறிவித்த வாரத்திலேயே பேசத் தொடங்க வேண்டும். அடுத்த சீசன் விலை முடிந்துவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

இறக்குமதி செய்பவருக்கு ஒரு குறிப்பு

ஒப்பந்த வரியில் இந்தியாவுக்குள் மெஷினோ துணியோ கொண்டுவந்தால், வெளிநாட்டு சப்ளையரின் சிஓஓவைக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது. 2020 செப்டம்பர் 21 முதல் அமலிலுள்ள கரோட்டர் விதிகளின்படி, பொருள் எப்படி அந்த நாட்டுத் தோற்றம் பெற்றது என்ற விவரத்தை இறக்குமதிக்கு முன்பே வாங்கிப் படிவம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். சப்ளையர் விலைப் பிரிப்பைத் தர மறுத்தால், சலுகை இல்லாத விலையில் கணக்குப் போடுங்கள்.

கணக்கு இப்படி: சிஐஎஃப் மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படை வரி 10 சதவீதம் என்றால் 10,000. சமூக நல சர்சார்ஜ் அந்த வரியில் 10 சதவீதம், 1,000. ஐஜிஎஸ்டி 18 சதவீதம் 1,11,000-த்தின் மேல், 19,980. ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். உண்மைச் செலவு 11,000. ஒப்பந்தத்தால் அடிப்படை வரி பூஜ்யமானால் சர்சார்ஜும் தானாகப் போய்விடும்.

அனுப்பி முடித்த பிறகு

சலுகை கொடுத்த நாடு ஓரிரு வருஷம் கழித்தும் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேள்வி சான்று வழங்கிய அமைப்பு வழியாக உங்களிடம் வரும். பதில் சொல்லக் கெடு இருக்கும். கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் பையரிடமிருந்து வரியை வட்டியோடு வசூலிப்பார்கள். அவர் அதை உங்கள் அடுத்த பில்லில் பிடிப்பார். ஆகவே ஸ்டைல் எண் வாரியாக ஒரு ஃபோல்டர் வையுங்கள்: நூல் பில், நிட்டிங், டையிங் ஜாப் ஒர்க் டெலிவரி சலான்கள், அன்றைய காஸ்டிங் ஷீட், ஜிப் போன்ற வெளிநாட்டு ஆக்சஸரிக்கான பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்க ஆவணம்), சிஓஓ, ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், கலவை டெஸ்ட் ரிப்போர்ட். இவற்றில் முதலில் தொலைவது ஜாப் ஒர்க் சலான்தான். டையிங் யூனிட்டிலிருந்து துணி வந்த அன்றே அதை ஸ்கேன் செய்துவிடுங்கள். துணி இங்கேயே பின்னிச் சாயமேற்றியது என்பதற்கு அதுதான் சாட்சி.